வேண்டாம் என்றவன் பெயர்

எங்கள் நகர்ப் பிள்ளையார் கோயிலின் முன்மண்டபத்தில் ஒன்பது டியூப்லைட்டுகள் எரிகின்றன. ஒன்பதிலும் சிவப்புப் பெயின்டில் உபயதாரர் பெயர். ஒரு லைட்டில் அப்பா, அம்மா, மகன், மருமகள், பேத்தி என்று ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். வெளிச்சம் வெளியே வர இடமே இல்லை. ஆறு ஃபேன்கள், ஆறின் இறக்கைகளிலும் பெயர். சுற்றும்போது எதுவும் தெரியாது. கரன்ட் போனால்தான் உபயதாரருக்குப் புண்ணியம். மணியில் பெயர், உண்டியலின் நெற்றியில் பெயர், செருப்பு வைக்கிற இரும்பு ஸ்டாண்டில்கூடப் பெயர். பிள்ளையாரின் தொந்தியில் மட்டும்தான் இன்னும் யாரும் எழுதவில்லை.

இதையெல்லாம் எண்ணிவைத்திருப்பது என் தொழில் புத்தி. ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கியூ.சி. என்கிற தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தட்டில் வந்து விழுகிற உருப்படிகளில் நல்லது எத்தனை, கழிவு எத்தனை என்று எண்ணி எண்ணியே தலை நரைத்தது. இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் காலி இருக்கைகளை எண்ணுவேன். கல்யாணத்துக்குப் போனால் ஓடாத ஃபேன்களை எண்ணுவேன். எங்கள் நகரில் என்னை எல்லாரும் கியூ.சி. சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மத்திகிரி போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் நகர். தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்து, மனை வாங்கி, வீடு கட்டி, இங்கேயே தங்கிவிட்டவர்களின் நகர். திருநெல்வேலி, தேனி, கும்பகோணம், வேலூர் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஊர். பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். தெரு பூட்டிக் கிடக்கும். நான் மட்டும் எங்கும் போக மாட்டேன். எனக்கு ஊர் இதுதான். பக்கத்திலேயே, பாகலூரை ஒட்டிய கிராமம். வீட்டில் நானும் என் மனைவியும் பேசுவது தெலுங்கு, சந்தையில் கன்னடம், தெருவில் தமிழ். இந்த மண்ணில் பிறந்து இந்த நகரில் வீடு கட்டியவன் நான் ஒருவன்தான்.

கோயில் கட்டத் தீர்மானித்தபோது கமிட்டிக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். இந்தக் கோயிலில் யார் பெயரும் எங்கும் வேண்டாம். விளக்கு விளக்காக இருக்கட்டும், மணி மணியாக இருக்கட்டும் என்றேன்.

கமிட்டியின் செயலாளர் திருநெல்வேலிக்காரர், லேத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"சார் சொல்லுதது நியாயந்தான். ஆனா பேரு போடலன்னா ஒரு பல்பு வராது, பாத்துக்கிடுங்க. பொறவு இருட்டுலதான் சாமி கும்பிடணும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அப்போ என் பேரை மட்டும் எங்கயும் போடக்கூடாது. நான் செய்யறது எனக்கும் சாமிக்கும் இருக்கிற கணக்கு" என்றேன்.

யாரோ கை தட்டினார்கள். கை தட்டல் பரவியது. "சார் தங்கம் சார்" என்றது ஒரு குரல். செயலாளர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் செய்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோயில் இடத்தில் போர் போட்டார்கள்; பாறை. இன்னொரு மூலையில் போட்டார்கள், அதுவும் பாறை. அபிஷேகத்துக்குக் குடம் தண்ணீர் இல்லை. என் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் உண்டு. அங்கிருந்து தெருவுக்கு அடியில் பைப் போட்டு, கோயிலுக்குக் கீழே தொட்டி கட்டி, என் மோட்டாரிலிருந்தே ஏற்றிக்கொடுத்தேன். பள்ளம் தோண்டும்போது வெயிலில் நின்றவன் நான். பைப் மூட்டுகள் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து, சரியில்லாத நான்கைப் பிரித்து மறுபடி ஒட்டச் சொன்னவன் நான். பிறகு தொட்டிக்கு மேல் பலகைக்கல் மூடி, அதன் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். இன்று அதன் மேல்தான் எல்லாரும் நின்று கும்பிடுகிறார்கள். பிள்ளையார் தினமும் குளிப்பது என் வீட்டுத் தண்ணீரில். அது யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியவேண்டாம் என்றுதானே சொன்னேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்பதைப் பால் பூத்தில் சொன்னேன், சவரக் கடையில் சொன்னேன், ஓசூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆளிடம் சொன்னேன். மொத்தம் இருபத்திரண்டு பேர். ஒவ்வொருவரும் "அப்படிங்களா சார்" என்று ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே அடுத்த ஆளைத் தேடுவேன்.

கும்பாபிஷேகம் முடிந்த மறு வாரம் கல்வெட்டு வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாலிஷ் பட்டறையிலிருந்து மினி டெம்போவில், வைக்கோலுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு கறுப்பு. அதைச் சுவரில் பதித்து, மேலே ஒட்டியிருந்த காகிதத்தைச் செயலாளர் கிழித்தார். தங்க எழுத்துகள். ஊர், இனிஷியல், பெயர், பட்டம்.

எல்லாரும் முண்டியடித்துத் தங்கள் பெயரைத் தேடினார்கள். நானும் போனேன். சும்மா பார்க்கத்தான் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். அறுபத்தொரு பெயர்கள். மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். என் பெயர் இல்லை.

மணிக்குக் கயிறு வாங்கிக்கொடுத்தவர் இருக்கிறார். பெங்களூரில் குடியிருந்துகொண்டு, இங்கே மனையை மட்டும் வேலி போட்டு வைத்திருப்பவர் இருக்கிறார். அவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. பிறந்து பல் முளைக்காத ஒரு குழந்தை இருக்கிறது, இனிஷியலோடு. அறுபத்தொரு பேருக்கும் முன்னால் ஊர்ப்பெயர் இருக்கிறது. அத்தனை ஊர்களில் இந்த ஊர் இல்லை.

இவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. பந்தியில் ஒருவன் இலைக்கு மேல் கையை விரித்துப் "போதும்" என்றால் என்ன செய்வீர்கள்? பரிமாறுகிறவன் அந்தக் கையை விலக்கி இன்னொரு கரண்டி போட வேண்டும். "என்ன சாப்பிட்டுட்டீங்க, வைங்க கையை" என்று அதட்ட வேண்டும். அதுதான் மரியாதை. போதும் என்ற சொல்லை நம்பி அடுத்த இலைக்குப் போய்விட்டவனைச் சம்பந்தி வீட்டார் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். திருநெல்வேலியிலும் அப்படித்தான், கும்பகோணத்திலும் அப்படித்தான், எங்கள் பாகலூர்ப் பக்கமும் அப்படித்தான். சோற்றில் தெரிந்த வழக்கம் கல்லில் மட்டும் மறந்துபோகுமா? அறுபத்தொரு பேரில் ஒருவன், ஒரே ஒருவன், "அவர் கிடக்கிறார், போடுங்கய்யா" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

மறுநாள் காலை பால் பூத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் கத்தோலிக்கர். நான் கத்துவதை எல்லாம் பொறுமையாகக் கேட்பார்.

"எங்க கோயில்ல பெஞ்சுக்குப் பெஞ்சு பேரு சார்" என்றார். "நான் முட்டி போட்டா மூக்குக்கு நேரா எங்க மாமனார் பேருதான் வருது. ஜெபமே ஓட மாட்டேங்குது."

"நான் சிரிக்கிற நெலமையில இல்லீங்க."

"சரி, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. வேணாம்னு சொன்னீங்க. போடல. இதுல கோவம் எங்கிருந்து வருது?"

பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மோட்டார் அறைக்குள் போய், கோயிலுக்குப் போகிற பைப்பின் வால்வை இறுக்கி மூடினேன்.

என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெலுங்கில் கேட்டாள்.

"சாமியைக் குளிக்கவிடாம நிறுத்தி உங்க பேரைப் போட்டுக்கப் போறீங்களா?"

"பேருக்காக இல்ல."

"பின்ன வால்வு என்ன பாவம் பண்ணுச்சு?"

சிரித்துவிட்டு உள்ளே போனாள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து இன்னொரு திருகு திருகினேன்.

தொட்டியில் இருந்த தண்ணீர் தீரும்வரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தீர்ந்த அன்று காலையில் வாசலில் குரல் கேட்டது. குருக்கள் வெறுங்குடத்தோடு நின்றார். கூடவே செயலாளர். என்னைத் திட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

"சார், கோயில் பைப்புல தண்ணி வரலை. மோட்டார்ல ஏதோ கோளாறு. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும், செத்த வந்து பாருங்களேன்" என்றார் குருக்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை! கும்பாபிஷேகத்துக்காகப் புதிதாக வந்தவர் அவர், அவரை விடுங்கள். பள்ளம் தோண்டிய அன்று எனக்குப் பக்கத்தில் நின்று மோர் குடித்த செயலாளருமா மறந்துபோனார்?

"மோட்டார் கல்லு மாதிரி இருக்கு. நான்தான் மூடினேன்" என்றேன்.

"ஏன் சார்? தொட்டி கழுவப் போறியளா?"

அவ்வளவுதான். அடக்கிவைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. கயிறு வாங்கினவன் பேர் இருக்கிறது, பல் முளைக்காத பிள்ளையின் பேர் இருக்கிறது, தண்ணி கொடுத்தவன் பேர் எங்கே என்று கேட்டேன். தெருவில் இரண்டு கதவுகள் திறந்தன. செயலாளர் குறுக்கிட்டார்.

"நீங்கதான சார் வேண்டாம்னு சொன்னிய? மினிட்ஸ்லயே எழுதிருக்கே!"

"சொன்னேன்! சொன்னா? ஒரு வார்த்தை வற்புறுத்தத் தெரியாதா? உங்க வீட்டு விசேஷத்துல போதும்னு சொன்னவனுக்குச் சோறு போட மாட்டீங்களா?"

செயலாளர் கெட்டவர் இல்லை. முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"தப்புதான் சார். உங்க வார்த்தைய மதிக்கணும்னுதான் விட்டுட்டோம். இப்ப என்ன, கல்லுல அடியில எடம் கெடக்கு. வெட்டுத ஆள வரச்சொல்லி நாளைக்கே போட்டுருவோம்." சட்டைப் பையிலிருந்து பேனாவையும், பழைய பஸ் டிக்கெட் ஒன்றையும் எடுத்தார். எழுதுவதற்குத் தயாரானார். பேனா நின்றது. தலையைச் சொறிந்தார்.

"சார்... சாரோட பேரு என்ன?"

மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டேன்.

"இல்ல, கியூ.சி. சார், கியூ.சி. சார்னே கூப்பிட்டுப் பழகிட்டு. சட்டுனு வர மாட்டேங்கு."

குருக்களைப் பார்த்தேன். அவர் குடத்துக்குள் பார்த்தார். கதவைத் திறந்து வேடிக்கை பார்த்த எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மா என் வீட்டுக் கறிவேப்பிலையைப் பறிக்காத நாள் இல்லை. அவருக்கும் தெரியவில்லை. தெருவில் ஒருவருக்கும் என் பெயர் தெரியவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எனக்கு வைத்த பெயர் நீளமானது. முன்பாதி ஊர்ச்சாமியின் பெயர். பின்பாதியைக் கேட்டால் இவன் எந்தப் பக்கத்து ஆள், வீட்டில் என்ன மொழி என்று இந்தப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் வெளி மாவட்டத்து ஆட்கள் அந்தப் பின்பாதியை ராகம் போட்டு இழுத்துச் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. பின்பாதியை நானே வெட்டிவிட்டு, முன்பாதியை மட்டும் எழுதிக்கொடுத்தேன். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பிறகு ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் அந்தப் பாதிதான். ஆனால் எங்கள் பிரிவில் அதே பேரில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். குழப்பம் வேண்டாம் என்று ஒருவனைக் கேன்டீன் என்றார்கள், ஒருவனைக் குட்டை என்றார்கள், என்னைக் கியூ.சி. என்றார்கள். முன்பாதியும் போனது. கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து மிஞ்சியது. அந்த இரண்டுக்குத்தான் இந்தத் தெரு வணக்கம் சொல்கிறது.

"முழுப் பேரைச் சொல்றேன், எழுதிக்குங்க" என்று பின்பாதியையும் சேர்த்துச் சொன்னேன். வெட்டி எறிந்த பிறகு இந்தத் தெருவில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இங்கே அதை எழுதப் போவதில்லை. எழுதினாலும் உங்களுக்கு அது யாரோ ஒருவன் பெயராகத்தான் இருக்கும்.

செயலாளர் எழுதிக்கொண்டே, "இது உங்க பேரா சார்!" என்றார். பிறகு தயங்கினார். "கியூ.சி. சார்னே போட்டுருவோமா? எல்லாருக்கும் தெரிஞ்சதுலா? பாத்த ஒடனே, ஆகா நம்ம சாருன்னு சொல்லுவாங்க. இதப் போட்டா யாருன்னு தெரியாது, பாத்துக்கிடுங்க."

"அது கம்பெனி வெச்ச பேரு. எனக்கு எங்கப்பா வெச்ச பேரைப் போடுங்க. ஊரையும் போடுங்க."

"உள்ளூருக்கு எதுக்கு சார் ஊர்பேரு?" என்றார் அவர் சாதாரணமாக.

வால்வைத் திறந்துவிட்டேன்.

கல் வெட்டுகிறவர் மறுநாள் கைமெஷினோடு வந்தார். கல்லின் அடிப்பகுதியை அளந்து பார்த்துவிட்டு, "ஊரும் பேரும் சேத்துப் போட்டா பார்டர்ல ஏறிக்கும் சார். பேருன்னா தாராளமா ஒக்காந்துக்கும்" என்றார். பெயர் மட்டும்தான் வெட்டப்பட்டது. கடைசி வரி, அறுபத்திரண்டாவது. நான் முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். பிழை இல்லை. தங்கப் பெயின்ட் பூசியபோது கண் கலங்கியது. தூசியாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். முன்பெல்லாம் செவ்வாய், வெள்ளி மட்டும் போவேன். இப்போது கல்வெட்டுக்கு எதிரே தூணில் சாய்ந்து உட்கார்வேன். வருகிறவர்கள் கல்லைப் படிக்கிறார்களா, கடைசி வரிவரை படிக்கிறார்களா என்று பார்ப்பேன். பத்துப் பேரில் ஏழு பேர் தங்கள் பெயரைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு பேர் பாதிவரை போவார்கள். மிச்சம் ஒருவர் முடிவுவரை படிப்பார். படித்துவிட்டு, எனக்கு "வணக்கம் கியூ.சி. சார்" சொல்லிவிட்டு, என்னைத் தாண்டிப் போவார்.

போன வெள்ளிக்கிழமை, வாடகைக்குப் புதிதாக வந்த தம்பதி ஒன்று கல்லைச் சத்தமாகப் படித்தது. இருவரும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். கடைசி வரியில் அந்தப் பெண் நின்றாள்.

"இது யாருங்க, ஊரும் இல்ல, ஒண்ணும் இல்ல?"

"பழைய காலத்துப் பேரா இருக்கு. இந்த எடம் குடுத்த பெரியவரா இருப்பாரு. செத்துப் போயிருப்பாரு, பாவம்" என்றான் கணவன்.

அவள் கல்லில் என் பெயரை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "யாரும்மா செத்தது? நான்தான் அது. உயிரோடதான் உக்காந்திருக்கேன்" என்றேன்.

இருவரும் திடுக்கிட்டார்கள். பிறகு அந்தப் பையன் சிரித்தான். "சும்மா வெளையாடாதீங்க சார். நீங்க கியூ.சி. சார்தானே? எங்க வீட்டு ஓனர் சொல்லியிருக்காரு. பைப்புல எது பிரச்சினைன்னாலும் உங்களைக் கேக்கச் சொன்னாரு."

"நான்தான்யா சொல்றேன்! அது என் பேரு!"

"சரிங்க சார், சரிங்க சார்" என்று அவன் பின்வாங்கினான், வயதானவர்களிடம் பேசுகிற அந்தக் குரலில். எனக்கு வந்த வேகத்தில் வீட்டுக்குப் போய் ஆதார் அட்டையை எடுத்துவந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டியிருப்பேன். எழுந்தும்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அதில் முன்பாதிதான் இருக்கிறது. கல்லில் இருக்கிறவன் நான்தான் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுத் தாள் இல்லை. வாய்தான் இருக்கிறது. அதையும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் பிரகாரம் சுற்றப் போனார்கள். மண்டபத்தில் யாரும் இல்லை. நான் கல்லின் பக்கத்தில் போய்க் குனிந்தேன். என் பெயரின் கடைசி எழுத்துக்கும் பார்டருக்கும் நடுவே கொஞ்சம் கறுப்பு மிச்சம் இருந்தது. விரல்களை ஒட்டிவைத்து அளந்தேன். நான்கு விரற்கடை. அடைப்புக்குறி போட்டு, உள்ளே கியூ.சி. என்று வெட்டினால், அதில் அடங்கிவிடும்.

அது கம்பெனி வைத்த பேர், எனக்கு என் அப்பா வைத்த பேரைப் போடுங்கள் என்று என் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தியவன் நான். செயலாளரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அடங்கும். நன்றாக அளந்துவிட்டேன், அடங்கும். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.